மூத்ததும் இளையதும்

என் அக்காவின் வீட்டுக்காரர் தன் சொந்தக் காரின் கதவைத் திறக்கத் தெரியாமல் நின்றதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு மார்கழிக் காலையில். சங்ககிரியில் அவர்கள் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. மலைக்கோட்டை பக்கம் இன்னும் பனி விலகவில்லை. அவர் காரின் பக்கத்தில் நின்றுகொண்டு கதவின் பின்ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே கைப்பிடி கிடையாது. இரண்டு கீல்கள்தான் உண்டு. அவர் கை அந்தக் கீல்களின் மேல் மேலும் கீழும் போய் வந்தது.

வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேடிக்கை இல்லை.

“என்னுங்க மாமா, கீலைப் புடிச்சு இழுக்கறீங்க?” என்றேன்.

“ஆமா மாப்ள. தூக்கக் கலக்கம்” என்றவர், முன்ஓரத்துக்கு வந்து கைப்பிடியைத் திருகித் திறந்து உட்கார்ந்தார். அன்று அதோடு போயிற்று.

அது ஏன் என்னை உறுத்தியது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் இரண்டு கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வகை என்ஜின். அவருடையது எங்களுக்கெல்லாம் முந்தைய காலத்து வண்டி. கரும்பச்சை நிறம். முட்டையைப் படுக்க வைத்த மாதிரி உருண்ட உடம்பு. அதே கம்பெனி சில வருடங்கள் கழித்து, வளைவுகளை நிமிர்த்தி, பின்பக்கம் இரண்டு மூலைகளை எடுத்துக் கட்டி இறக்கியது என்னுடைய வண்டி. சந்தன நிறம். அவர் தன் வண்டியை மூத்தது என்பார், என் வண்டியை இளையது என்பார். அக்காவும் என் மனைவியும்கூட அப்படித்தான் சொல்வார்கள். வேறு பெயர் வைத்ததில்லை.

மூத்தது திருச்செங்கோட்டில் ஒரு வைத்தியர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. அதை அவர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஓட வைத்தார். அதைப் பார்த்த ஆசையில் நான் ஈரோட்டில் ஒரு வக்கீலிடமிருந்து இளையதை வாங்கினேன். நாமக்கல்லில் எனக்குக் கோழித் தீவனக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டு இளையதை எடுத்துக்கொண்டு திருச்செங்கோடு வழியாகச் சங்ககிரி போய்விடுவேன். இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மதியம் வரைக்கும் சண்டை போடுவோம்.

“உன்றது டப்பா மாப்ள. தகரத்தைத் தட்டிப் பாரு. என்ற வண்டியைத் தட்டிப் பாரு, கோயில் மணி.”

“உங்களுது திரும்பறதுக்கு ஒரு ஏக்கர் வேணுங்களே மாமா.”

“திரும்பறதுக்கு எதுக்கு வண்டி? நேராப் போறதுக்குத்தான் வண்டி.”

கியர் இரண்டிலும் ஸ்டீயரிங் பக்கத்தில்தான். ஆனால் மூத்ததில் கியர் விழுவது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல என்பார். இளையதில் கொஞ்சம் அடம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். மூத்ததில் சாவியைத் திருப்பிவிட்டு ஒரு குமிழை வெளியே இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இளையதில் சாவியே போதும். பிரேக் இளையதில்தான் பரவாயில்லை. அதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பெரிய சண்டை கதவைப் பற்றித்தான். என் வண்டியின் முன்கதவு எல்லா வண்டிகளையும் போல முன்னால் கீல், பின்னால் கைப்பிடி. அவருடைய வண்டியின் முன்கதவு தலைகீழ். பின்னால் கீல், முன்னால் கைப்பிடி. அலமாரிக் கதவுபோல முன்பக்கம் பிளந்து திறக்கும். உட்காருவது சுலபம். முதலில் இடுப்பை வைத்துவிட்டு அப்புறம் காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். புடவை கட்டினவர்களுக்கு இதைவிட நல்ல கதவு கிடையாது என்பார். ஓடும்போது தாழ் கழன்றுவிட்டால் காற்று அந்தக் கதவைப் பிடித்துப் பின்னால் வாரிவிடும், அதனால்தானே கம்பெனிக்காரனே அதை மாற்றிவிட்டான் என்பேன் நான். “எந்தக் கதவும் தானாத் திறக்காது. நாமதான் திறக்கோணும்” என்பார்.

இளையதில் ஏறும்போது அவர் எப்போதும் கதவின் தப்பான ஓரத்தில்தான் கை வைப்பார். பழக்கம். நாங்கள் சிரிப்போம். ஆனால் தன் வண்டியில் அவர் தப்பான ஓரத்தில் கை வைத்து நான் பார்த்ததில்லை. அந்த மார்கழி வரைக்கும்.

அவர் சாதாரண ஆள் இல்லை. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து நடத்தியவர். எந்த ஊருக்கு எந்த ரோட்டில் போனால் எத்தனை மணிக்கு இறங்கலாம், எந்தப் பாலத்தடியில் உயரமான லோடு இடிக்கும், எந்த ஊர் வளைவில் இரவில் மாடு படுத்திருக்கும் என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார். டிரைவர்கள் வெளிமாநிலத்திலிருந்து அவருக்குப் போன் போட்டு வழி கேட்பார்கள். ஆபீசை வேறு ஆளிடம் கொடுத்த பிறகும் அந்தப் போன்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

தை, மாசியில் அந்தப் போன்களை அவர் எடுப்பது குறைந்துவிட்டதாக அக்கா சொன்னாள். ஒரு ஞாயிறு நான் இருக்கும்போதே ஒரு டிரைவர் கூப்பிட்டான். இவர் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், “நீ நேராப் போ சாமி. நேராத்தான் போகோணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். தேய்த்த கார்பரேட்டர் மூடியை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

பங்குனியில் என் வண்டியின் வாஷர் ஒன்றைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டினார். அது தப்பில்லை, இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் மாட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, “உன்ற வண்டி சரியாயிருச்சு மாப்ள, எடுத்துட்டுப் போ” என்று மூத்ததின் சாவியை என் கையில் கொடுத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வாசல் தெளித்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மாமாவைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய் யார்கிட்டயாவது காட்டலாமா?”

“வயசாச்சுன்னா மறக்கத்தான் செய்யும் தம்பி. நான் கூடத்தான் சாவிக்கொத்தை எங்கயாவது வெச்சுட்டுத் தேடறேன்.”

அவள் குரலில் ஒரு அவசரம் இருந்தது. மூத்ததின் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்குப் போவது எங்கள் வழக்கம். அந்த வருடமும் போனோம். அவரும் அக்காவும் மூத்ததில் முன்னால். நானும் என் மனைவியும் இளையதில் பின்னால். ஆடிக்காற்று மேற்கிலிருந்து மணலை வாரி அடித்தது. நாங்கள் போகும் திசையே மேற்கு. ஹைவேயில் லாரிகள் தார்ப்பாய் படபடக்கப் போய்க்கொண்டிருந்தன. ஒரு டேங்கர் கடந்து போனால் என் வண்டி கொஞ்சம் நகர்ந்து மறுபடி இடத்துக்கு வந்தது. முன்னால் பச்சை வண்டியின் உருண்டை முதுகு, பின்கண்ணாடி வழியாக அக்காவின் தலைப்பூ, அவருடைய நரைத்த தலை. அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாயப்பட்டறைகள் ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்னால் அவருடைய தலை இடதுபக்கம் சாய்ந்தது. அக்காவிடம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னும் சாய்ந்தது. வண்டி கொஞ்சம் வலதுபக்கம் போயிற்று.

இடதுபக்கக் கதவு திறந்தது.

திறந்தது என்று சொல்வது சரியில்லை. முதலில் ஒரு விரற்கடை விலகியது. அடுத்த கணம் காற்று அதைப் பிடுங்கி முழுசாகப் பின்னால் வீசியது. பின்கதவில் மோதிய சத்தம் எங்கள் வண்டிக்குள் கேட்டது. அக்காவின் புடவை வெளியே வந்து பறந்தது. ஒரு கால், செருப்பில்லாமல், வாசற்படித் தகரத்தின்மேல் தெரிந்தது. என் மனைவி கத்தினாள். நான் ஹாரனை அமுக்கியபடி இருந்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரனும் ஹாரனை அமுக்கினான்.

பச்சை வண்டி நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. கதவு பிளந்தபடி, ஒற்றைக் காதை விரித்த மிருகம்போல அது போய்க்கொண்டே இருந்தது. நான் வலதுபக்கம் ஏறி அவருக்குச் சமமாக வந்து, மனைவி பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, “மாமா, நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வழியில் தெரிந்தவர் யாரோ வணக்கம் சொன்னதுபோல. அப்புறம்தான் மெதுவாக ஓரம் கட்டினார்.

நான் ஓடியபோது அக்கா ஒரு கையால் டேஷ்போர்டையும் இன்னொரு கையால் அவருடைய சட்டையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டையின் தோள் தையல் பிரிந்திருந்தது. அவளுக்கு முழங்காலில் மட்டும் சிராய்ப்பு.

“நான்தான் சாமி. சரியாச் சாத்தலை” என்றாள் என்னைப் பார்க்காமல். “நான்தான்.”

அவர் இறங்கிச் சுற்றிவந்து கதவைப் பார்த்தார். கீல் ஒன்று வளைந்து போயிருந்தது. குனிந்து, கையால் அசைத்து, மறுபடி நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

“ஏன் மாப்ள, இந்தக் கதவு இப்படித் திறக்குது?”

கோபமில்லை. வருத்தமும் இல்லை. அந்தக் கதவை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கும் ஆளின் ஆச்சரியம்தான் அதில் இருந்தது. எத்தனை ஞாயிறுகள் அந்தக் கதவுக்காக என்னோடு வாதாடியவர். லாரிகள் கடந்துபோகப் போக எங்கள் வேட்டியும் புடவையும் அடித்துக்கொண்டன. கதவைக் கயிறு போட்டுக் கட்டினோம். ஆற்றுக்குப் போகவில்லை.

நாலைந்து நாள் கழித்து அக்கா தனியாகப் பஸ்ஸில் நாமக்கல் வந்தாள். அவள் அப்படித் தனியாக வந்ததே இல்லை. கடைக்குள் தீவன மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“நான் சாத்தாம விடலை தம்பி. நல்லாத்தான் சாத்தியிருந்தேன்.”

“அப்புறம்?”

“ஓட்டிட்டே இருந்தாரு. திடீர்னு, ‘ஊடு வந்திருச்சு அம்மிணி, எறங்கு’ன்னாரு. நான் சிரிச்சேன். ‘எறங்குன்னா எறங்கோணும்’னாரு. அப்படியே சாஞ்சு, அவரே கைப்பிடியைத் திருகி உட்டுட்டாரு.”

வெளியே யாரோ மக்காச்சோளம் கேட்டு நின்றார். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

“என்னையத் தள்ளலை” என்றாள் அக்கா. “அதைத் தெரிஞ்சுக்கோ. தள்ளவே இல்லை. ஊடு வந்திருச்சுன்னு மெய்யாலுமே நெனச்சாரு. முகத்தைப் பார்த்தேன்ல. ஊடு வந்த சந்தோஷம் இருந்துச்சு.”

அதற்குப் பிறகு சேலத்துக்குப் போவதை அவள் தடுக்கவில்லை. டாக்டர் ஒரு பெண். பொறுமையானவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மாமாவிடம் நிறையக் கேள்விகள் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, இது வயதினால் வரும் சாதாரண மறதி இல்லை, நோய், மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒரு திசையில்தான் போகும் என்றார். “வண்டி ஓட்டுறாரா?” என்று கேட்டார். அக்கா தலையசைத்தாள். “இன்னையோட நிறுத்திடுங்க. அவருக்காக மட்டும் சொல்லலை, ரோட்டுல போறவங்களுக்காகவும்.”

மாமா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது இளையதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப தூரம் வந்தபிறகு சொன்னார்: “நல்ல புள்ளை. தெளிவாப் பேசுது. பாவம், யாருக்கு மாப்ள உடம்பு சரியில்லை?”

பின்சீட்டிலிருந்து அக்கா, “நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தருக்குங்க” என்றாள்.

மூத்ததின் சாவியை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். பேட்டரி ஒயரையும் கழற்றி வைத்தேன். வளைந்த கீலை நிமிர்த்தி வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினோம். தினமும் அவர் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொள்வாராம். குமிழை இழுப்பார், ஸ்டார்ட் ஆகாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறங்கி வந்துவிடுவார். கோபப்பட்டதில்லை. “அதுதான் எனக்குப் பயமா இருக்குது” என்றாள் அக்கா. “கோவப்பட்டாத் தேவலை.”

அடுத்து நடந்தது ஒரு சித்திரை மதியம். அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அப்பாவை என்ன செய்வது என்று பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெயில் தாங்காது என்று அவன் என் வண்டியை வேப்பமரத்து நிழலுக்கு நகர்த்திவிட்டுச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். சாப்பிட்டோம். மாமா கூடத்துக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வெளியே என்ஜின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். நான் வாசலுக்கு வரும்போது வேப்பமரத்தடியில் வெறும் நிழல்தான் கிடந்தது. கூடத்துக் கட்டிலில் மாமா இல்லை.

அக்கா மகன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு பவானிப் பக்கம் போனான். நான் தெரிந்தவர் ஒருவரின் பைக்கை வாங்கித் திருச்செங்கோடு ரோட்டில் போனேன். புக்கிங் ஆபீஸ்களில் சொன்னோம். அவர்கள் டிரைவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு காலத்தில் அவரிடம் வழி கேட்டவர்கள் இப்போது அவரைத் தேடினார்கள். போலீசிலும் சொன்னோம். வெயில் அப்படியே நின்றது. போன் அடிக்கும்போதெல்லாம் அக்கா எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் எனக்கு ஒரு போன் வந்தது. பெண் குரல், ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

“சார், வண்டி பின்னாடி கண்ணாடியில தீவனக் கடைன்னு உங்க நம்பர் இருந்துச்சு. இது உங்க வண்டியா?”

“ஆமாங்க, ஆமாங்க. எங்கீங்க இருக்குது?”

“ஆத்தூர் தாண்டி, மரவள்ளிக் கிழங்கு காயப்போடுற களத்துல சார். உள்ள ஒரு பெரியவரு இருக்காரு. ரொம்ப நேரமா இருக்காரு. வெளிய வரமாட்டேங்கிறாரு. கதவையும் பூட்டிக்கிட்டாரு. நீங்க சீக்கிரம் வாங்க.”

அக்காவையும் ஏற்றிக்கொண்டு அவள் மகன் ஓட்டினான். சேலம் நெரிசலைத் தாண்டி, வாழப்பாடி தாண்டி, நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. களம் முழுக்கச் சுண்ணாம்பு கொட்டினதுபோல வெள்ளையாகக் கிழங்குத் துண்டுகள் காய்ந்தன. புளித்த வாடை. நடுவில் என் சந்தன நிற வண்டி நின்றது. சுற்றிலும் தூரம் விட்டு ஆட்கள் நின்றார்கள்.

போன் பண்ணின பெண் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். “பக்கத்துல போனா பயப்படுறாரு சார். நாங்க அடிக்க வர்றோம்னு நெனைக்கிறாரு போல. கண்ணாடியை உடைச்சிடலாம்னு இவங்க சொன்னாங்க, நான்தான் வேணாம்னேன். கதவு முன்மூலையில இருக்குற அந்த முக்கோணக் கண்ணாடி மட்டும் திறந்திருந்துச்சு. அது வழியா தண்ணி குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு.”

கிட்டே போய்ப் பார்த்தேன். மற்ற எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் கறுத்திருந்தது. அவர் வலது கை கதவின் முன்ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. மூத்ததில் அங்கேதான் உள்கைப்பிடி. இளையதில் அங்கே ஒன்றும் இல்லை, கீலும் தகரமும்தான். கை மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. எவ்வளவு நேரமாகவோ அப்படிச் செய்துகொண்டிருந்திருக்கிறார். விரல் நுனிகள் தேய்ந்து ரத்தம் கசிந்து, கதவின் உட்புறத் துணியில் பழுப்பாகக் கறை படிந்திருந்தது.

அவர் மகன் கண்ணாடியைத் தட்டி, “அப்பா, அப்பா” என்றான். அவர் மிரண்டு மறுபக்கம் ஒதுங்கினார். அக்கா அவனை விலக்கிவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் கிழங்குத் துண்டுகளின் மேலேயே உட்கார்ந்து, முக்கோணக் கண்ணாடியில் வாயை வைத்தாள்.

“ஏனுங்க.”

அவர் கை நின்றது.

“நான்தானுங்க. லோடு ஏத்தியாச்சுங்களா?”

“இன்னும் இல்லை அம்மிணி” என்றார். நாக்கு வறண்டிருந்தது. “ஜவ்வரிசி மூட்டை வரேலை. ஆளுங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. கதவைக் காணோம்.”

“கதவு இருக்குதுங்க. நான் சொல்றேன். மேல ஒரு சின்னக் குமிழு இருக்குது பாருங்க. அதை மேல இழுங்க. ஆமாங்க. இப்ப கையைப் பின்னால கொண்டு போங்க. இன்னும் பின்னால. அந்தப் பக்கம் இல்லீங்க, உங்க முதுகுப் பக்கம்.”

“இது என்ற வண்டி இல்லையா?”

“இல்லீங்க. தம்பி வண்டி.”

கதவு திறந்தது. உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்ததுபோல வெக்கை வந்தது. அவர் சாய்ந்து அக்காவின் தோளில் விழுந்தார். “என்னைய அடைச்சு வெச்சுட்டாங்க அம்மிணி” என்று மெல்லச் சொன்னார். அந்தக் களத்துப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். உடம்பு தேறியது. அதற்கப்புறம்தான் அவர் மகன் சொன்னான், இரண்டு வண்டியையும் விற்றுவிடுங்கள் என்று. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

“மாசாமாசம் சேலத்துக்குக் காட்டப் போகோணும். பஸ்ல கூட்டத்தைப் பார்த்தா மெரளறாரு. ஆட்டோவுல ஏற மாட்டேங்கறாரு. இந்த ரெண்டு வண்டியில ஏறுன்னா ஏறுவாரு. அதனால ஒண்ணு இருக்கட்டும்.”

“யாரு ஓட்டறது?” என்றான் மகன். “நான் பெங்களூர்ல இருக்கேன். மாமா நாமக்கல்ல இருக்காரு” என்று என்னைக் காட்டினான்.

“நான் ஓட்டறேன்.”

சைக்கிள்கூட ஓட்டாதவள். அறுபதைத் தாண்டியவள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் எழுந்து கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மூத்தது அங்கே நின்றது. இளையதை நான் வாசலில் நிறுத்தியிருந்தேன். இரண்டையும் அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாங்கள் இத்தனை வருடம் தட்டிப் பார்த்தது, சத்தம் கேட்டது, கியர் போட்டுப் பார்த்தது எதுவும் அவளுக்கு முக்கியமில்லை. மூத்ததின் கதவைத் திறந்து மூடினாள். இளையதின் கதவைத் திறந்து மூடினாள். அதன் உள்பக்கத் துணியில் அந்தக் கறை இன்னும் போகவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உன்ற வண்டியைக் குடு தம்பி. பச்சையை வித்துரு.”

“மாமாவுக்கு மூத்ததுதானே அக்கா பழக்கம்?”

“அதனாலதான் வேண்டாங்கறேன். இதுல எந்தக் கதவுலயும் அவரு கை முன்னாலதான் தேடும். அவருக்குத் திறக்கத் தெரியாத வண்டிதான் எனக்கு வேணும்.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தன் புருஷனை உள்ளே வைத்துத் தப்பிக்க வழியில்லாத பெட்டி எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள். ரோட்டில் ஓடும்போது அவர் எழுந்து போய்விடாமல் காப்பாற்ற அவளிடம் வேறு வழியும் இல்லை. இரண்டும் ஒரே வாக்கியத்தில்தான் இருந்தன.

மூத்ததைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். லாரியில் ஏற்றும்போது மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். லாரிக்காரன் சங்கிலியை இழுத்துக் கட்டினபோது, “அந்தப் பக்கம் இன்னும் ஒரு சுத்து போடு” என்றார். அவன் போட்டான். அவ்வளவுதான். யாருடைய வண்டி, எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

அக்காவுக்கு நான்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். வற்றிப்போன ஏரிக்குள், சீமைக்கருவேலத்துக்கு நடுவில் இருந்த வெட்டவெளியில். அவள் முன்னால், நான் பக்கத்தில், அவர் பின்னால். என்ஜின் அணைந்து அணைந்து போகும். அவள் பேசாமல் மறுபடி ஸ்டார்ட் பண்ணுவாள். கியர் அடம் பிடிக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவாள். பின்னாலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. கண்ணாடியில் பார்த்தால் அவர் வெளியே காய்ந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதிகாரி அவளை இரண்டு முறை ஏற இறங்கப் பார்த்தாராம்.

இப்போது மாதம் ஒருமுறை அவள்தான் அவரைச் சேலத்துக்குக் கூட்டிப் போகிறாள். லாரிகளுக்கு நடுவில் இடதுஓரமாகவே, மெதுவாகப் போவாள். வீடு திரும்பினதும் எனக்குப் போன் பண்ணுவாள். அந்தப் போன் வரும் வரைக்கும் கடையில் எனக்குக் கணக்கு ஓடாது. எடை போட்ட மூட்டையையே மறுபடி எடை போடுவேன்.

போன மாதம் நான் சங்ககிரி போனேன். பஸ்ஸில்தான். மாமா வாசலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எனக்காக எழுந்ததே கிடையாது. “வா மாப்ள” என்று உட்கார்ந்தபடியே கைகாட்டுவார், அவ்வளவுதான்.

“வாங்க, வாங்க. உக்காருங்க” என்றார். “எங்கிருந்துங்க வாறீங்க?”

“நாமக்கல்லுங்க.”

“ரொம்ப தூரமுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

குடிக்கிறேன் என்றேன். உள்ளே திரும்பி, “அம்மிணி, யாரோ வந்திருக்காங்க” என்று குரல் கொடுத்தார். அக்கா வந்தாள். கையில் கட்டு போட்டிருந்தாள். முற்றத்தில் நின்ற வண்டியின் இடதுபக்க மட்கார்டு உள்ளே அமுங்கியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“என்னாச்சு அக்கா?”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்து, விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தார்.

“பின்னாலிருந்து என்ற கழுத்தைப் புடிச்சுட்டாரு” என்றாள். “நான் யாருன்னு தெரியலை போல. யாரோ ஒரு பொம்பளை எங்கயோ கூட்டிட்டுப் போறான்னு பயந்துட்டாரு. நல்ல வேளை, மெதுவாத்தான் போனேன். கல்லுல தட்டி நின்னுருச்சு.”

தண்ணீரை வாங்கிக் குடித்தேன். விட்டுவிடு அக்கா என்று சொல்லலாம். அவள் விடமாட்டாள் என்று தெரியும். அடுத்த முறை எப்போது போக வேண்டும் என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றாள்.

“நான் வாரேன். பின்னால அவர் பக்கத்துல நான் உக்காந்துக்கறேன்.”

“கடை?”

“கடை கெடக்குது.”

வியாழக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தயாராக இருந்தார். நான் கதவைத் திறந்து பிடித்தேன். ஏறினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் என் கைக்குள் எடுத்துக்கொண்டேன். கைகள் சூடாக, லேசாக இருந்தன. அக்கா வண்டியை ஹைவேயில் ஏற்றினாள். முதல் லாரி எங்களைக் கடந்து போனபோது அவர் விரல்கள் என் கைக்குள் ஒருமுறை துடித்தன. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சேலம் வரைக்கும் விடவில்லை.